வெளிநாட்டு பிளான், உள்ளூர்ப் பலகை: வாசகர் கேள்வி பதில்

பிளானை, அதாவது அளவு போட்ட செய்முறை வரைபடத்தைப் பார்த்து சிங்கப்பூரில் வீட்டிலேயே மேசை, அலமாரி செய்வது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: புது பிடிஓ (பதிவு செய்த பின் கட்டித் தரும் வீவக) வீட்டுக்கு டிவி கன்சோல், புத்தக அலமாரி, ஷூ ரேக் மூன்றும் வேண்டும். கார்ப்பெண்டர் சொன்ன விலையைக் கேட்டதும் நானே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஓர் இணையத்தளத்தில் ஒருமுறை பணம் கட்டினால் ஆயிரக்கணக்கான பிளான் தருகிறார்களாம். வாங்கலாமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவை மூன்று பிளான், அதுவும் ஒவ்வொன்றாக. கட்டுக்கட்டாக விற்கும் தொகுப்புகளில் நான் பார்த்தவரை படம் மங்கலாகவும், அளவு பாதி விட்டுப்போயும், செய்து பார்க்காமலே வரைந்த மாதிரியும் இருப்பவைதான் அதிகம். கருவி தயாரிக்கும் நிறுவனங்களும் மரவேலைப் பத்திரிகைகளும் நல்ல பிளான்களை இலவசமாகவே போடுகின்றன.

நல்ல பிளானில் வெட்டுப் பட்டியல் இருக்கும், அதாவது எந்தப் பாகம், எத்தனை, நீளம் அகலம் கனம் என்ன என்று. பாகங்களைப் பிரித்துக் காட்டும் படமும், எதை முதலில் ஒட்டுவது, எதை அப்புறம் ஒட்டுவது என்ற வரிசையும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கப் பலகை இரண்டின் கனத்தையும் நடுத்தட்டின் நீளத்தையும் கூட்டினால் மொத்த அகலம் வர வேண்டும், பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) வெட்டித் தட்டு உள்ளே இறங்குகிறது என்றால் அந்த ஆழத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டல் சரியாக வராத பிளானை மூடி வைத்துவிடலாம்.

ஷூ ரேக்கில் ஆரம்பியுங்கள். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், கையும் பழகும். இன்னொன்று, முதல் சாமானில் காசு மிச்சமாகாது. டிரில், கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி), மூலைமட்டம், ரம்பம் எல்லாம் வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு மூன்றாவது நாலாவது சாமானில்தான் திரும்பி வரும். வெளிநாட்டிலிருந்து மின்கருவி வரவழைப்பதாக இருந்தால் நமக்கு 230 வோல்ட் என்பதை மறக்காதீர்கள், அமெரிக்காவில் விற்கும் 120 வோல்ட் கருவியை இங்கே சொருகினால் கருகிவிடும்.

கேள்வி: புத்தக அலமாரிக்கு ஓர் அமெரிக்க பிளான் எடுத்து வைத்திருக்கிறேன். 2 பை 4 கட்டை, முக்கால் இஞ்ச் பிளைவுட் என்று போட்டிருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் 18 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்கிறார்கள். பட்டியலில் உள்ளபடியே வெட்டினால் சரியாக வருமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: வராது. இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 2 பை 4. பெயரில்தான் 2 இஞ்ச், 4 இஞ்ச். காய்ந்து, இழைத்து, கடைக்கு வரும்போது அமெரிக்காவிலேயே அது ஒன்றரை இஞ்ச் கனமும் மூன்றரை இஞ்ச் அகலமும்தான், அதாவது 38க்கு 89 மில்லிமீட்டர். 1 இஞ்ச் பலகை என்று எழுதியிருந்தால் உண்மையில் முக்கால் இஞ்ச். பிளான் வரைந்தவர் அந்த உண்மை அளவை வைத்துத்தான் மற்ற எல்லாப் பாகங்களையும் கணக்குப் போட்டிருப்பார். நீங்கள் 2 இஞ்சை 25.4ஆல் பெருக்கி 51 மில்லிமீட்டர் கட்டையைத் தேடி வாங்கினீர்கள் என்றால் அப்புறம் எதுவும் எதோடும் பொருந்தாது.

பிளைவுட்டுக்கு வருவோம். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர், இங்கே 18 என்று விற்பது கையில் வரும்போது பல நேரம் அதிலும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிளானில் அலமாரியின் வெளி அகலம் 36 இஞ்ச், பக்கப் பலகை இரண்டும் முக்கால் இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தட்டு முப்பத்துநாலரை இஞ்ச், சுமார் 876 மில்லிமீட்டர் என்று பட்டியல் சொல்லும். உங்கள் பக்கப் பலகை 18 என்றால் அதே வெளி அகலத்துக்கு உள்ளே 878க்கு மேல் வரும், தட்டு 2 மில்லிமீட்டர் குட்டையாகிவிடும். வெறும் தட்டு என்றால் அலமாரியைக் கொஞ்சம் குறுக்கிச் சமாளிக்கலாம், ஆனால் இழுப்பறை இருந்தால் முடியாது. பக்கவாட்டில் மாட்டும் சாதாரண பால்பேரிங் ஸ்லைடுக்கு (இழுப்பறை ஓடும் இரும்புத் தடம்) ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச், 12.7 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அது கூடினாலும் குறைந்தாலும் இழுப்பறை இறுகும் அல்லது தடத்தை விட்டுக் கழன்று வரும்.

ஆகவே பலகையை முதலில் வாங்குங்கள், வெட்டுவது அப்புறம். வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து உண்மையான கனத்தை அளந்து, வெளி அளவை அப்படியே பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் மில்லிமீட்டரிலேயே புதிதாகக் கணக்குப் போட்டு எழுதுங்கள். இஞ்ச் கணக்கை மாற்றி மாற்றி எழுதுவதைவிட இது சுலபம். அந்த வெளி அளவும் வேதவாக்கு இல்லை, உங்கள் வீட்டுச் சுவரில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வீடுகளுக்குப் போட்ட பிளான் நாலறை வீட்டில் வழியை அடைக்கும்.

கணக்குப் போடும்போதே நடுத்தட்டின் நீளத்தையும் குறைத்துவிடுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 876 நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் நாளடைவில் தொங்கும். அதே எடைக்குத் தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும், அதனால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை நிறுத்திவிடுவது நல்லது. முடியாவிட்டால் தட்டின் முன் விளிம்பில் 40 மில்லிமீட்டர் அகலக் கட்டை ஒன்றைச் செங்குத்தாக ஒட்டுங்கள், அது நிறையத் தாங்கும்.

மரம் என்று வந்தால், அமெரிக்க பிளானில் பைன் என்று இருக்கும் இடத்தில் நான் ரப்பர் மரப் பலகையைத்தான் சொல்வேன். 1877ல் நம்முடைய சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்த கன்றுகளிலிருந்து பரவிய மரம், மலாயாத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய அதே மரம். பால் குறைந்ததும், சுமார் 25, 30 வருடத்தில், வெட்டிவிடுவார்கள், அந்தக் கட்டைதான் சிறு துண்டுகளாக ஒட்டிப் பலகையாக வருகிறது. இறுக்கமான மரம், திருகாணி நன்றாகப் பிடிக்கும். துளை போடாமல் திருகாணி ஏற்றினால் பிளக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்தில் வைத்தால் பூஞ்சையும் வண்டும் வரும், அதனால் குளியலறைக்கும் பால்கனிக்கும் வேண்டாம்.

கேள்வி: நானே ரப்பர் மரப் பலகையில் சாப்பாட்டு மேசை செய்தேன். ஏர்கான் அறையில் போட்டு சில மாதத்தில் மேல்பலகை நடுவில் விரிசல் விட்டுவிட்டது. பசையும் போட்டு, சுற்றிலும் திருகாணியும் இறுக்கியிருந்தேனே? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: நன்றாக இறுக்கியதால்தான் விரிசல். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், ஏர்கான் ஓடும் அறையில் அது வெகுவாகக் குறையும். மரத்தின் ஈரம் 4 விழுக்காடு குறைந்தால் அகலம் சுமார் 1 விழுக்காடு சுருங்கும் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, 800 மில்லிமீட்டர் மேசையில் அது 8 மில்லிமீட்டர். போக இடமில்லாமல் பிடித்து வைத்தால் மரம் பிளந்துகொள்ளத்தான் செய்யும்.

மேல்பலகையைக் கழற்றி, விரிசலில் பசை விட்டு, கிளாம்ப் போட்டு மூடுங்கள். திரும்ப மாட்டும்போது சட்டத்தோடு பசை போடாதீர்கள். திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீள்துளையாக்கி, வாஷர் வைத்துத் திருகுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் நகரும் கிளிப் போடுங்கள். அடுத்த முறை வாங்கும் பலகையை வேலை தொடங்கும் முன் ஒரு வாரமாவது அதே அறையில், காற்றுப் போகும்படி கட்டை வைத்து அடுக்கி வையுங்கள். பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்திருக்கும்.

கேள்வி: தம்பி, என் பேரன் எனக்குச் சாமி மாடம் செய்து தருகிறேன் என்கிறான். தேக்கில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன், அவன் பிளைவுட் போதும் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் பேரன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தேக்கு விலை அதிகம், பழகுகிற கைக்கு வெட்டித் தப்பினால் மனசு வலிக்கும். தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பிளைவுட்டில் பெட்டியைச் செய்யட்டும், முன்னால் தெரியும் தூண், விளிம்பு, கதவுச் சட்டம் மட்டும் நிஜத் தேக்கு. பார்வைக்கு முழுத் தேக்காகவே இருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது விளக்குதான். அலங்காரத்துக்கென்று போட்ட மாடப் பிளான்களில் எரிகிற விளக்கை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தீபத்துக்கு நேர் மேலே மரம் வரவே கூடாது. சாமி படங்கள் உள்ளே இருக்கட்டும், விளக்கும் கற்பூரத் தட்டும் வைக்க முன்னால் ஒரு தட்டு வெளியே இழுக்கிற மாதிரி செய்து, அதன் மேல் கிரானைட் துண்டோ டைலோ பதித்துவிடச் சொல்லுங்கள், எண்ணெய் வழிந்தாலும் துடைத்துவிடலாம். திரைத்துணி, மாலை எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது. வார்னிஷ் அடித்த பிறகு வாடை முழுக்கப் போகும்வரை உள்ளே விளக்கேற்றாதீர்கள், நல்ல நாள் நெருங்குகிறது என்று அவசரப்பட வேண்டாம். விபூதி, திரி, தீப்பெட்டிக்கு ஒரு சின்ன இழுப்பறையும் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூவறை வீடு, கைக்குழந்தை வேறு. எங்கே வைத்து வெட்டுவது? புளோக்கின் கீழ்த்தளத்தில் வெட்டலாமா? (செங்காங் வாசகி)

பதில்: கீழ்த்தளமும் வேண்டாம், தாழ்வாரமும் வேண்டாம், அவை எல்லாருக்கும் பொதுவான இடம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும் என்று தீப்பாதுகாப்பு விதியே இருக்கிறது.

பெரிய வெட்டுகளைப் பலகை வாங்கும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். முழுப் பலகை 4 அடிக்கு 8 அடி, 18 மில்லிமீட்டரில் 30 கிலோவுக்கு மேல் வரும், பல புளோக்குகளில் மின்தூக்கிக்குள் நிமிர்த்தவே முடியாது. சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளிலோ, வெட்டித் தருகிற எந்தக் கடையிலோ பட்டியலைக் கொடுத்தால் நேர்வெட்டு சுத்தமாக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் சுமார் 3 மில்லிமீட்டர் தின்றுவிடும், 1220 அகலத்தில் 305 அளவில் நாலு துண்டு எடுக்க முடியாது, 300 என்று எழுதிக் கொடுங்கள்.

மீதி வேலைக்கு இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம் போதும், சத்தமும் குறைவு, பிடிக்கவும் சுலபம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் புதுப்பிப்பு வேலைக்குக் காலை 9 முதல் மாலை 6 வரை நேரம், ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. சுவர் உடைப்பு, அதிகமாகத் துளையிடுவது போன்ற சத்த வேலை வார நாட்களில் 9 முதல் 5 வரைதான். உங்கள் ஷூ ரேக் புதுப்பிப்பு ஆகாவிட்டாலும் டிரில் சத்தம் ஒன்றுதானே, அதே நேரத்தை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அலமாரியைச் சுவரோடு பிணைக்கிற வேலையும் அந்த நேரத்திலேயே முடியட்டும், குழந்தை பிடித்து ஏறும் வயது வருவதற்குள் அது கட்டாயம் நடக்க வேண்டும்.

தூளை லேசாக எடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போட்டு, அறைக்கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தை அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் திரும்பக் கிளம்பும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கேள்வி: கடைகளுக்குப் பின்னால் போட்டிருக்கும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கட்டையை எடுத்து டீப்பாய் செய்யலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: கடைக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். கட்டையில் முத்திரை இருக்கும். ஹெச்டி (HT) என்றால் சூட்டில் பக்குவப்படுத்தியது, அதை எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ளதும் வேண்டாம். ஆணி எல்லாவற்றையும் பிடுங்காமல் ரம்பத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மரத்துக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசிய துணியை என்ன செய்வது? சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: போடவே கூடாது. லின்சீட் எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். துணியைச் சுருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே தங்கித் தானாகவே தீப்பிடிக்கும், நெருப்பு எதுவும் கிட்டே வர வேண்டிய அவசியமில்லை. டேனிஷ் ஆயில், தேக்கு எண்ணெய் என்று விற்கும் பலவற்றிலும் இதே மாதிரி காயும் எண்ணெய்தான் இருக்கிறது. வேலை முடிந்த உடனே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக, மடிப்பில்லாமல் விரித்து, காற்றோட்டமான இடத்தில் காயப்போடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று படக் கூடாது. இடம் இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் முழுக்க மூழ்க வையுங்கள். விரித்துப் போட்டது நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகு குப்பையில் போடலாம்.