சட்டத்தரணியிடம் கேளுங்கள்: அமெரிக்கருக்கு உரிமை, நமக்கு லைசென்ஸ்

கேள்வி: ஐயா, என் மருமகன் டெக்ஸாஸில் இருக்கிறார். துவக்கு வைத்திருப்பது அங்கே அரசியலமைப்பு தந்த உரிமையாம். வீட்டுக்கு வரும் கள்வனைச் சுடத்தான் அதை எழுதினார்களாம். இங்கே வேளாண்மைக்குள் இறங்கும் பன்றியை விரட்ட ஒரு துவக்கு எடுப்பதற்கு நான் கச்சேரிக்கும் பொலிசுக்கும் நடையாய் நடக்கிறேன். இது என்ன நியாயம்? பி.கு.: மருமகன் அடுத்த லீவுக்கு வரும்போது ஒன்றைக் கொண்டுவந்தால் என்ன?
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: மருமகன் சொன்னதில் முதல் பாதி சரி. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2008இல் அதைத் தனிமனித உரிமை என்று தீர்த்துவிட்டது. கள்வன் கதைதான் இடிக்கிறது. 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம்தான் இந்த உரிமையைத் தந்தது; அதை எழுதியவர்களுக்குப் பயம் கள்வனில் அல்ல, பட்டாளத்தில்.

திருத்தம் ஒரே ஒரு வசனம்: சுதந்திரமான மாநிலத்தின் பாதுகாப்புக்கு ஒழுங்கான மிலிஷியா அவசியமாகையால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது. மிலிஷியா என்றதும் நம்முடைய ஊர்காவல் படையை நினைக்காதீர்கள். அவர்கள் கையில் துவக்கைக் கொடுத்தது அரசாங்கம். அங்கே 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 முதல் 45 வயது வரையான, உடல் வலுவுள்ள, அடிமையல்லாத வெள்ளைக்கார ஆண் குடிமகன் ஒவ்வொருவனும் ஆறு மாதத்துக்குள் தன் கைக்காசில் ஒரு மஸ்கட் துவக்கு, பயனெட், மேலதிகமாக இரண்டு தீக்கல், முதுகுப்பை, 24 தோட்டாவாவது கொள்ளும் பெட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு, கூப்பிட்ட நேரம் பயிற்சிக்கு வந்து நிற்க வேண்டும். வரி கட்டுவது மாதிரித்தான். உரிமை என்று நாம் கொண்டாடும் சங்கதியின் வாசம் அதில் குறைவு.

ஏன் இந்த ஏற்பாடு? 1775 ஏப்ரல் 19இல் பிரித்தானியப் பட்டாளம் கொன்கோர்ட் என்ற ஊரில் மக்கள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்கப் போனபோதுதான் அமெரிக்க சுதந்திரப் போரே மூண்டது. (அந்தப் போர் நம்மூரையும் விடவில்லை. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த திருகோணமலையை, ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் பறித்துக்கொண்டார். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலில் மானுக்கு வாழைப்பழம் கொடுக்கிறோமே தவிர இதை யார் நினைக்கிறோம்?) வென்றபின் 1787இல் எழுதிய அரசியலமைப்போ, படை திரட்டும் அதிகாரத்தையும் மிலிஷியாவுக்கு ஆயுதம் ஏற்பாடு செய்யும் அதிகாரத்தையும் மத்திய அரசிடமே கொடுத்தது. நாளைக்கு மத்திய அரசு மாநிலங்களின் மிலிஷியாவைக் கைவிட்டு, பட்டாளத்தை வைத்து ஆண்டால்? அந்தச் சந்தேகத்தைத் தணிக்க 1789இல் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசன் கொண்டுவந்ததுதான் இந்தத் திருத்தம். அவருடைய முதல் வரைவில் ஒரு வரி இருந்து, பிறகு விடுபட்டது: ஆயுதம் ஏந்துவதை மதம் தடுக்கிற எவரையும் நேரில் படைச் சேவை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. கள்வனைச் சுடும் சட்டமென்றால் அந்த வரிக்கு அங்கே என்ன வேலை?

இனி உங்கள் பன்றி. நமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் துவக்கு இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அது லைசென்சில் கிடைக்கும் சலுகை. உங்களை அலைய விடுவது அநியாயம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பொறுமை போய்க் கட்டுத்துவக்குப் பக்கம் போய்விடாதீர்கள். நான் பேசிய வழக்குகளில் மேசைக்கு வந்த சான்றுப் பொருள் அநேகமாக ஒரே மாதிரி: தண்ணீர்க் குழாயை அறுத்த ஒரு குழல், ஒரு மரக்கட்டை, ஒரு கம்பி. பன்றிக்குக் கட்டியது விறகுக்குப் போனவனின் முழங்காலில் வெடித்திருக்கும்.

பி.கு.வுக்குப் பதில் கடைசியில்.

கேள்வி: சேர், நான் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். மிலிஷியாவுக்காக எழுதியதென்றால் 2008இல் நீதிமன்றம் ஏன் மாற்றிச் சொன்னது? அது பிழையான தீர்ப்பா?
– மாணவி, மூதூர்

பதில்: மகள், ஐந்துக்கு நாலு என்று பிளந்த தீர்ப்பு அது, ஒரு சொல்லில் பிழை என்று எழுதினால் புள்ளி போகும். வொஷிங்டன் நகரில் வீட்டில் கைத்துப்பாக்கி வைக்க இருந்த தடையை எதிர்த்து வந்த வழக்கு. பெரும்பான்மைக்கு எழுதிய நீதியரசர் ஸ்காலியா, திருத்தத்தின் முன்பாதி, அதாவது மிலிஷியா பற்றிய பகுதி, நோக்கத்தைச் சொல்கிறதே தவிர உரிமையைச் சுருக்கவில்லை என்றார். அவருக்குச் சாதகமாக 1776 பென்சில்வேனியா அரசியலமைப்பு இருக்கிறது: தம்மையும் மாநிலத்தையும் காக்க ஆயுதம் ஏந்தலாம் என்கிறது. மறுபக்கம் 1780 மசாசூசெட்ஸ் பொதுப் பாதுகாப்புக்காக என்று மட்டுமே சொல்கிறது. மாறுபட்டு எழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ், முன்பாதியை வெட்டிவிட்டு வாசிக்க முடியாது என்றார்.

வரலாற்றில் ஸ்டீவன்சின் பக்கம்தான் கனம் என்பது என் எண்ணம். ஆனாலும் வீட்டுச் சுவரில் துவக்கு தொங்காமல் அந்தக் காலத்து மிலிஷியா இல்லை. இதை ஸ்டீவன்சின் தரப்பு சுலபமாகத் தாண்டிவிட முடியாது. பரீட்சையில் இரண்டையும் எழுது. இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று ஸ்காலியாவே எழுதினார் என்பதையும் சேர். 2024இல் குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவு விதிக்கப்பட்ட ஒருவரிடம் துவக்கு இருக்கக் கூடாதென்ற சட்டத்தை அதே நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று ஏற்றது.

தம்பலகாமத்தாரின் பி.கு.வுக்கு: கனவிலும் வேண்டாம். அனுமதியில்லாமல் துவக்கும் விமான நிலையத்தைத் தாண்டாது, மருமகனும் தாண்ட மாட்டார். நல்ல டோர்ச் லைட் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், இரவுக் காவலுக்கு உதவும்.