டாக்டர் ஆப், வீடியோ கன்சல்டேஷன் எல்லாம் வந்தாச்சு. நேர்ல போய் காட்டுற பழைய முறையும் கூடவே ஓடுமா?

ஓடும். ரெண்டும் சேந்து இப்பவே 140 வருஷத்துக்கு மேல ஓடிட்டு தான் இருக்கு. 1879ல லான்செட் மருத்துவ பத்திரிகைல ஒரு செய்தி வந்துச்சு. நடு ராத்திரி ஒரு கொழந்தை இருமுது, மூச்சுக்குழாய் வீங்கி அடைச்சுக்குற க்ரூப்பா இருக்குமோன்னு வீட்ல பயந்து டாக்டருக்கு ஃபோன் போடுறாங்க, அவரு கொழந்தைய தூக்கி ஃபோன் கிட்ட புடிங்க இருமல் சத்தம் கேக்கணும்னு சொல்லி, கேட்டுட்டு அது க்ரூப் இல்ல தூங்குங்கன்னு சொல்லிட்டாரு. அப்போ டெலிஃபோன் வந்தே மூணு வருஷம் தான் ஆகுது!

அதனால ஓடுமாங்குறதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஸ்க்ரீன்ல இருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு நோயாளி மாறுற அந்த ஒரு இடம் இருக்கு பாருங்க, எல்லா கோளாறும் அங்க தான். சொந்த அனுபவம்.

என் தம்பிக்கு ஒரு நாள் மத்தியானம் தொப்புள சுத்தி வலி. வாயு தொல்லையா இருக்கும்னு விட்டுட்டோம், ராத்திரி பதினோரு மணிக்கு பாத்தா வலி வலது பக்கம் கீழ எறங்கி வந்து உக்காந்துடுச்சு, நிமிர முடியல. வீடியோ கால்ல ஒரு டாக்டரம்மா கெடச்சாங்க, நல்ல நிதானம். அம்மாவ வலது அடிவயித்துல மெதுவா அமுக்கிட்டு டக்குனு கைய எடுக்க சொன்னாங்க. அமுக்கும்போது பொறுத்துக்கிட்டவன் கைய எடுத்ததும் கத்திட்டான். "இதுக்கு மேல ஸ்க்ரீன்ல பாக்க எதுவும் இல்லம்மா, அப்பெண்டிக்ஸா இருக்கலாம், தண்ணி கூட குடுக்காம உடனே கெளம்புங்க"ன்னுட்டாங்க. மொத்தமே ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷம் இல்லன்னா காலைல பாத்துக்கலாம்னு படுத்துருப்போம்.

ஆஸ்பத்திரி போனா எல்லாம் மொதல்ல இருந்து. டாக்டரம்மா எழுதுனது ஆப்புக்குள்ள பிடிஎஃப்பா இருக்கு, தெறக்க ஓடிபி கேக்குது, ஓடிபி வர்ற நம்பர் அப்பாவோட ஃபோன், அது வீட்ல சார்ஜ்ல கெடக்கு. கவுண்டர்ல வேற, வெளி ஆப் பேப்பர்லாம் இங்க செல்லாது லைன்ல உக்காருங்கன்னுட்டாங்க. எப்போ ஆரம்பிச்சது, என்ன மாத்திரை போட்டான், கடைசியா எப்போ சாப்பிட்டான்னு அதே கேள்விய மூணு பேரு மூணு தடவ கேட்டாங்க. டியூட்டி டாக்டர் திரும்ப வயித்த அமுக்கி பாத்தத நான் குத்தம் சொல்லல, அது அவரு செஞ்சே ஆகணும். ஆனா அவரு கிட்ட போறதுக்கே ஒன்றரை மணி நேரம் ஆச்சு. விடியக்காலைல ஆபரேஷன், பையன் நல்லாருக்கான். ரெண்டு டாக்டரும் அவங்கவங்க வேலைய சரியா தான் செஞ்சாங்க, அர பக்கத்துல அடங்குற தகவல் தான் ஒருத்தர் கிட்ட இருந்து இன்னொருத்தர் கிட்ட போய் சேரல.

இத வச்சு யோசிக்கும்போது எனக்கு ஆஸ்திரேலியாவோட ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் தான் ஞாபகம் வரும். ஜான் ஃப்ளின்னு ஒரு பாதிரியார் 1928ல ஆரம்பிச்சது. நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு டாக்டரே இல்லாத பண்ணைங்க, கரண்டும் கெடையாது. ஆல்ஃப்ரெட் ட்ரேகர்னு ஒருத்தர் சைக்கிள் மாதிரி மிதிச்சு கரண்ட் எடுக்குற ரேடியோ செஞ்சு குடுத்தாரு. அப்புறம் 1942ல இருந்து வீட்டுக்கு வீடு ஒரு மருந்துப் பெட்டி, உள்ள இருக்குற ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர். எங்க வலிக்குதுன்னு சொல்ல நம்பர் போட்ட உடம்புப் படமும் பின்னாடி வந்துச்சு. டாக்டர் ரேடியோல இந்த நம்பர் மருந்துல இத்தனை குடுங்கன்னு சொல்வாரு. இது போதாதுன்னு தோணுனா விமானம் ஏறி வந்துடுவாரு. கவனிங்க, பேசுறவங்க, பெட்டி வச்சவங்க, விமானம் அனுப்புறவங்க எல்லாம் ஒரே ஆளுங்க. பேசுனா போதுமா பறக்கணுமான்னு முடிவு பண்றவர் கையிலயே விமானமும் இருந்துச்சு. இப்போ நம்ம ஆப்கள்ல பாதிக்கு அந்த விமானம் இல்ல, "அருகில் உள்ள மருத்துவமனையை அணுகவும்"னு ஒரு வரிய போட்டுட்டு கால் கட் ஆயிடும்.

எது ஸ்க்ரீன்ல, எது நேர்ல? வியாதி பேர வச்சு பிரிச்சா வேலைக்கு ஆகாது. இன்னைக்கு இருக்குற கேள்விக்கு பதில் சொல்ல கையோ ஸ்டெதஸ்கோப்போ ஊசியோ வேணுமான்னு பாத்தா போதும். ஒரு பிரஷர்காரருக்கு மாத்திரை அளவ கூட்டலாமான்னு முடிவு பண்ண வீட்ல எடுத்த ரீடிங்கே நல்லது, ஏன்னா நெறைய பேருக்கு டாக்டர பாத்தாலே பிரஷர் ஏறிடும். 2018ல இங்கிலாந்துல நடந்த டாஸ்மின்ஹெச்4 ஆய்வுல இத சோதிச்சாங்க. வீட்டு ரீடிங்க வச்சு மருந்து மாத்துனவங்களுக்கு, கிளினிக் ரீடிங்க மட்டும் நம்புனவங்கள விட ஒரு வருஷத்துல பிரஷர் நல்லா கொறஞ்சுது. மருந்த மாத்துனது யாருன்னா அதே பழைய ஃபேமிலி டாக்டர் தான். ஆனா அவருக்கே திடீர்னு ஒரு பக்கம் கை கால் விழுந்தா ஆப்ப தெறக்கவே கூடாது, ஆம்புலன்ஸ் தான். மூளைல அடைச்ச ரத்தக்கட்டிய கரைக்குற ஊசிக்கு வழக்கமா நாலரை மணி நேரம் தான் கெடு. அங்கயும் பாருங்க, சின்ன ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்து, தூரத்துல இருக்குற நியூராலஜிஸ்ட், அதாவது மூளை நரம்பு டாக்டர், வீடியோல பாத்து ஊசி போடலாம்னு சொல்ற டெலிஸ்ட்ரோக் ரொம்ப வருஷமா நடக்குது. கை ஒரு எடத்துல, கண்ணு இன்னொரு எடத்துல.

கருவிகள் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு காட்ட விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் இருக்கே, 2020ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல வந்த அமெரிக்க ஆய்வுல, நெஜமாவே ஆக்சிஜன் கொறஞ்சு இருந்தும் கருவி ஓகேன்னு காட்டுன தப்பு, வெள்ளை நோயாளிகள விட கறுப்பின நோயாளிகளுக்கு கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகம். கருவி விரல்ல வெளிச்சம் பாய்ச்சி தான் அளக்குது, தோல் நிறம் வெளிச்சத்த உறிஞ்சுற கணக்குல குறுக்க வருது. நம்ம நிறத்துக்கு இத சும்மா படிச்சுட்டு போக முடியாது. 95 காட்டுது ஆனா ஆளு மூச்சு வாங்குறாருன்னா கெளம்பிடுங்க, நம்பர நம்பி உக்காந்துருக்காதீங்க. ஆக்சிமீட்டரோ பிரஷர் மிஷினோ, வீட்டு கருவிய ஒரு தடவ கிளினிக்குக்கு எடுத்துட்டு போய் அவங்க கருவியோட ஒத்து பாத்துடுறது நல்லது, பத்து நிமிஷ வேலை.

தகவல் கைமாறுறதுக்கு டெக்னாலஜி இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருங்க ஒண்ணோட ஒண்ணு பேசுறதுக்கு பொது மொழி உருவாக்க ஹெச்எல்7ங்குற அமைப்பு 1987லயே ஆரம்பிச்சாச்சு. ஃபைல் வெளிய போனா நோயாளியும் கூட போயிடுவாருங்குற பயம் தான் இப்போ தடைன்னு நான் நெனைக்கிறேன். அப்புறம், வெளிய எழுதுனத நம்பி ஏதாவது ஆனா யாரு பொறுப்புங்குற கேள்வி, அது நியாயமான கேள்வி தான்.

ஆப் வந்துடுச்சுன்னு கவுண்டர மூடுறது மட்டும் வேணாம். உலக சுகாதார நிறுவனம் 2019ல குடுத்த வழிகாட்டுதல்லயே, டெலிமெடிசின் நேரடி சிகிச்சைக்கு துணையா இருக்கணும், அதுக்கு பதிலா வரக்கூடாதுன்னு இருக்கு. ஸ்மார்ட்ஃபோன் ஓட்டத் தெரியாதவங்க ஒரு பக்கம். இன்னொண்ணு, கம்ப்யூட்டரே படுத்துடலாம். 2021 மே மாசம் அயர்லாந்தோட பொது சுகாதார சேவைல ஃபைல பூட்டி வச்சு பணம் கேக்குற ரேன்சம்வேர் புகுந்து நாடு முழுக்க கம்ப்யூட்டர நிறுத்த வேண்டியதா போச்சு, டாக்டருங்க பேப்பரும் பேனாவும் எடுத்து தான் சமாளிச்சாங்க, முழுசா சரியாக மாசக்கணக்குல ஆச்சு.

டாக்டர் பக்கத்தையும் பாக்கணும். எங்க ஃபேமிலி டாக்டர் மொதல்ல மெசேஜ்க்கு பதிலே போட மாட்டாரு, நானும் திட்டிருக்கேன். அப்புறம் தான் சொன்னாரு, நாள் முழுக்க நோயாளி பாத்துட்டு ராத்திரி வீட்ல உக்காந்து அம்பது மெசேஜ் படிக்கணும்னா எப்புடின்னு. இப்போ மத்தியானம் ஒரு மணி நேரம் நேர்ல யாரையும் பாக்காம ஃபோனுக்கும் ரிப்போர்ட்டுக்கும்னே வச்சுட்டாரு, அதுக்கு ஃபீஸும் உண்டு. வெளிய அனுப்புற கேஸ்னா வலி எப்போ ஆரம்பிச்சது, என்ன மருந்து, எது ஒத்துக்காது, எதுக்கு அனுப்புறாருன்னு நாலு வரி சாதா மெசேஜா அனுப்பிடுவாரு, ஓடிபியும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்கம்மா அத ஒரு பேப்பர்ல வேற எழுதி மடிச்சு வச்சுக்குவாங்க.