‘தூக்கிவிடுகிறோம்’ என்றால் கடமை முடிந்ததா?

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஓவியக் கண்காட்சிக் கூடத்தின் வாசலில் நான்கு படிகள், சாய்தளம் இல்லை. கேட்டால், "ஆள் வைத்துத் தூக்கிவிடுகிறோம் சார், இது தனியார் இடம், அரசு விதியெல்லாம் எங்களுக்கு இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் ‘தனியார் இடம்’ கதையை முடித்துவிடுவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘பொதுக் கட்டடம்’ என்றால் பொதுமக்கள் வந்துபோகும் அரசுக் கட்டடம், தனியார் கட்டடம் இரண்டும்தான், கலை நிகழ்ச்சி நடக்கும் இடமும் அதில் அடக்கம். தூக்கிவிடுவது உதவி, உரிமை அல்ல. நீங்கள் சம்மதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அவர்கள் தரப்பு வக்கீல் "விதிகள் வெறும் வழிகாட்டல்தானே" என்று ஆரம்பிப்பார். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின் 15(1)ஆம் விதி அப்படித்தான் வழவழவென்று இருந்தது, அதனால்தான் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கே முரண் என்று அடித்துவிட்டு, கட்டாய விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

சரி, நடைமுறைக்கு வருவோம். படிகளைப் படம் எடுங்கள், உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அறக்கட்டளைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், நகல் நகராட்சி ஆணையருக்கு. நகராட்சியை இழுப்பது முக்கியம், ஏனென்றால் பின்னால் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் தனியார் அறக்கட்டளை மீது மட்டும் ரிட் (பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போடுவது கஷ்டம். கடிதத்தில் வெறுமனே ‘சாய்தளம் வேண்டும்’ என்று எழுதாதீர்கள், ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போட்டோ அனுப்புவார்கள்! சரிவு 1:12 இருக்க வேண்டும், அதாவது நான்கு படி சேர்ந்து 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம், இருபுறமும் கைப்பிடி. கழிப்பறையையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுங்கள். ஆளையும் ஆவணத்தையும் வரவழைக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆனால் அவர் சொல்வது பரிந்துரைதான். பரிந்துரை போன அதிகாரி என்ன செய்தார், ஏற்கவில்லை என்றால் ஏன் என்று மூன்று மாதத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்தான் பிறகு ரிட்டுக்கு நல்ல ஆதாரம். 2016 சட்டத்தின் 89ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு வழி திறக்காது என்பதால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். அடையாள அட்டை நகலோடு போங்கள்.