சேர்ந்தவர்கள் ஏன் நடுவில் விலகுகிறார்கள்?

டெக்சஸில் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஃபிரட்டர்னிட்டியில் (கல்லூரி ஆண் மாணவர் சங்கம்) புது உறுப்பினர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போன தடவை சேர்ந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே கழன்றுகொண்டார்கள். 'கொஞ்சம் வாட்டி எடுத்தால்தான் ஒட்டுவான்' என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்யட்டும்?"

முதலில், சீனியர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். டெக்சஸ் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரே சம்மதித்திருந்தாலும் ஹேஸிங் (புதியவர்களை வாட்டும் ராகிங்) குற்றம்தான். நேரில் தெரிந்திருந்தும் புகார் செய்யாமல் இருப்பது தனிக் குற்றம். அதற்கே 180 நாள் வரை சிறை உண்டு. பொறுப்பில் இருக்கும் நீங்கள் 'எனக்குத் தெரியாது' என்று நழுவ முடியாது. சங்கத்தை நிறுவிய தேதியைத் தப்பாகச் சொன்னவனைப் புஷ்-அப் எடுக்க வைப்பது, நள்ளிரவில் சீனியருக்கு பர்கர் வாங்க அனுப்புவது, இதெல்லாமே ஹேஸிங் கணக்கில் வரலாம். (தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்தது. அதற்கு முந்தைய கதைகளை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.)

அவர்கள் விலகியதற்கான காரணம் பெரும்பாலும் பயிற்சிக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ரஷ் வாரம், அதாவது ஆள் சேர்க்கும் வாரம் முழுக்கப் பார்ட்டியும் பார்பிக்யூவும். டியூஸ் (உறுப்பினர் கட்டணம்) எவ்வளவு, வாரத்தில் எத்தனை மாலை போய்விடும் என்பதெல்லாம் பிட் (சேர வரும் அழைப்பு) வாங்கிய பிறகுதான் பையனுக்குத் தெரியவருகிறது. இவற்றை ஒரே தாளில் எழுதி, பிட் கொடுப்பதற்கு முன்பே கையில் கொடுங்கள். சிலர் அப்போதே போய்விடுவார்கள். போகட்டும், நடுவில் போவதைவிட அது மேல். சொரோரிட்டிகளின் (மாணவிகளின் சங்கங்கள்) முறையையும் கவனியுங்கள். மாணவிகளும் வீடுகளை, அதாவது சங்கங்களை, பிடித்த வரிசையில் எழுதித் தருகிறார்கள், வீடுகளும் மாணவிகளை அப்படியே. தேர்வு இருபக்கமும் நடக்கிறது.

அப்புறம் பயிற்சி. சாப்டர் (உங்கள் கல்லூரிக் கிளை) வரலாற்றுக்கு ஒரு மாலை போதும். மீதி வாரங்களில் ஆளுக்கொரு வேலை கொடுங்கள்: ஒருவன் பொருளாளரோடு உட்கார்ந்து பட்ஜெட் பார்க்கட்டும், இன்னொருவன் ரத்ததான முகாமை நடத்தட்டும். வேலை செய்த இடத்தில்தான் மனிதன் ஒட்டுவான். பிளெட்ஜ் காலமே (முழு உறுப்பினராகும் முன் புதியவர் காத்திருக்கும் காலம்) வேண்டாம் என்று சீட்டா பீட்டா டாவ் ஃபிரட்டர்னிட்டி 1989-லும், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-லும் முடிவெடுத்தன.

ஒரு இரவை மட்டும் நீங்களே நேரில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்: புதியவனுக்கு வழிகாட்டும் சீனியரான 'பிக்' யார் என்று அறிவிக்கும் இரவு. 'லிட்டில்', அதாவது அந்தப் புதியவன், ஒரு மது பாட்டிலைக் காலி செய்ய வேண்டும் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. 2021-ல் ஓஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் அப்படித்தான் இறந்தார். அன்றைக்கு மதுவே வேண்டாம். சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விலகியவர்களில் இரண்டு பேரையாவது காபிக்குக் கூப்பிட்டு, ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். சீனியர் யாரையும் கூட்டிப் போகாதீர்கள். அவர்கள் எதிரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.