கண்ணாடிக்குக் கீழே மூன்று பட்டன்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு வெளிநாட்டு கார் வாங்கினேன். உள்ளே, பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் வீடு படம் போட்ட மூன்று பட்டன்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மோட்டார் வைத்த ரோலிங் ஷட்டர், அதற்கு ரிமோட்டும் உண்டு. இந்தப் பட்டனில் ஷட்டரைத் திறக்க முடியுமா? சர்வீஸில் கேட்டால் "அதெல்லாம் ஃபாரின்ல சார், விடுங்க" என்கிறார்கள்.
- வாசகர், பெரம்பூர்

பதில்: விட வேண்டாம், முயற்சி செய்து பார்க்கலாம். உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் ஹோம்லிங்க் என்கிற ஏற்பாடாக இருக்கும். ரிமோட் அனுப்பும் சிக்னலைக் கேட்டுப் படித்துக்கொண்டு, அதையே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். முதலில் ரிமோட்டின் முதுகைப் பாருங்கள். நம்மூர் ஷட்டர் ரிமோட்டுகளில் 433 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் அதிகம் போட்டிருக்கும், அப்படியானால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய சொந்தக்காரர் பதிந்துவைத்ததை முதலில் அழித்துவிடுங்கள். ஓரத்துப் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து பத்து, இருபது விநாடி அமுக்கினால் சின்ன விளக்கு படபடவென்று மின்னும், அப்போது கையை எடுத்துவிடலாம். அப்புறம் ரிமோட்டைப் பட்டனிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் பிடித்து, ரிமோட்டின் பட்டனையும் காரின் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டே இருங்கள். மெதுவாக மின்னும் விளக்கு வேகமாக மின்னினால் படித்துவிட்டது என்று அர்த்தம். கார் மாடலுக்குக் கார் மாடல் இது கொஞ்சம் மாறும், மேனுவலை ஒருமுறை புரட்டிவிடுங்கள். விளக்கு அசையவே இல்லையா? ரிமோட் பேட்டரியைப் பாருங்கள். காசிமேட்டுப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு அரை நாள் வீணானதே இதனால்தான், ரிமோட்டைத் திறந்தால் பேட்டரியைத் தொடும் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது, உப்புக்காற்றின் வேலை!

படித்த பிறகும் ஷட்டர் நகரவில்லை என்றால் உங்களுடையது ரோலிங் கோட், அதாவது ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண்ணை மாற்றி அனுப்பும் ரகம். காப்பி எடுத்தால் மட்டும் போதாது, மோட்டாரும் உங்கள் காரை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏணி போட்டு மோட்டார் பெட்டியில் 'லேர்ன்' பட்டனைத் தட்டிவிட்டு, அரை நிமிடத்துக்குள் காருக்கு ஓடிவந்து பட்டனை இரண்டு மூன்று முறை அமுக்குங்கள். ஏணியில் ஒருவர், காரில் ஒருவர் என்று இருந்தால் மூச்சு வாங்காது. அப்போதும் மசியவில்லை என்றால் ஷட்டர்காரரிடம் சொல்லி, சுவர் சுவிட்ச் ஒயரோடு சேர்த்து, கார் பட்டனோடு ஒத்துப்போகிற தனி ரிசீவர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

இதில் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பட்டன் அமெரிக்கக் கராஜ் கதவுக்காகப் பிறந்தது, அங்கே ஒரே பட்டன்தான் திறக்கும், நிறுத்தும், மூடும். நம்ம ஷட்டர் ரிமோட்டில் ஏற்ற, நிறுத்த, இறக்க, பூட்ட என்று நாலு பட்டன் இருக்குமே! ஆக உங்கள் மூன்று பட்டனும் ஒரே ஷட்டருக்குச் செலவாகிவிடும். ஏற்றுவதையும் நிறுத்துவதையும் மட்டும் பதியுங்கள் என்பேன். அமெரிக்காவில் விற்க 1993 முதல் தயாரிக்கும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு, குறுக்கே ஆள் வந்தால் கதவு திரும்பிப் போகும் வசதி கட்டாயம். இங்கே பல ஷட்டர்களில் அந்த சென்சாரே கிடையாது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் நேரம் காரில் உட்கார்ந்தபடி இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, இறங்கி நின்று பார்த்து இறக்குங்கள்.

கேள்வி: கரன்ட் போனால் கார் பட்டன் வேலை செய்யுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கார் சிக்னல் அனுப்பும், ஆனால் மோட்டாருக்கு கரன்ட் வேண்டாமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டார் பக்கத்தில் தொங்கும் கைச்சங்கிலியை இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். அது ஷட்டருக்கு உள்ளே தொங்கும், எனவே கீழ்த்தளத்துக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.