512 பைட், 4096 பைட் செக்டார் ஹார்டு டிஸ்க்குகளை ஒரே ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த தொகுப்பில்) கலக்கலாமா?

ஹார்டு டிஸ்க் ஒரு தடவையில் எழுதக்கூடிய மிகச் சிறிய துண்டுதான் செக்டார். பழையவற்றில் 512 பைட், புதியவற்றில் 4096. நடுவில் ஒரு ரகம் உண்டு: உள்ளே 4096, வெளியே 512 என்று வேஷம் போடும். தொல்லை பெரும்பாலும் இதனால்தான். 512 பைட் மட்டும் எழுதச் சொன்னால், முழுத் துண்டையும் படித்து, மாற்றி, தட்டு ஒரு சுற்று வரும்வரை காத்திருந்து திரும்ப எழுதும். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க்கில் அந்தச் சுற்றுக்கே 8.3 மில்லிவினாடி. ஒரு எழுத்துப்பிழைக்காகப் பக்கம் முழுவதையும் மறுபடி அச்சடிப்பது போல!

கலந்தே ஆக வேண்டுமென்றால் பெரிய அளவுக்கு ஏற்ப அமையுங்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அது ஆஷிஃப்ட் என்ற அமைப்பை 12 என்று வைப்பது (2-இன் 12-ஆம் அடுக்கு 4096). தொடக்கத்திலேயே வையுங்கள், பிறகு மாற்ற முடியாது. ரெய்டை நடத்தும் கார்டுகள் பல, அசல் 4096-ஐ (வெளியேயும் 4096 என்றே காட்டுவதை) 512-உடன் சேர்க்கவே விடாது.

4096 என்றால் சிறு கோப்புகள் இடத்தை வீணாக்கும் என்பார்கள். ஆனால் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ்), எக்ஸ்ட்4 (லினக்ஸ்) ஆகிய கோப்பு முறைமைகள் இரண்டும் வழக்கமாக ஏற்கெனவே 4096 பைட் துண்டுகளாகத்தான் இடம் ஒதுக்குகின்றன.