ஜெனரேட்டர் சத்தமும் எலி மூளையும்

கேள்வி: ரங்கூனில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கரண்ட் போனால் கீழே உள்ள கடையின் ஜெனரேட்டர் நாலைந்து மணி நேரம் ஓடும். பத்தாவது படிக்கும் மகன், தலை வலிக்கிறது, படித்தது மறந்துபோகிறது என்கிறான். ஓயாத சத்தத்தாலும் ஹார்மோனாலும் எலிகளுக்கு மூளை சுருங்குவதாகப் படித்தேன். இவனுக்கு ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: டெஸ்ட் இருக்கட்டும், முதலில் தலைவலியைக் கவனியுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது வலித்து, வெளியே போனால் விட்டுவிடுகிறது என்றால் எனக்குச் சத்தத்தைவிடப் புகையின் மேல்தான் சந்தேகம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கும் தலை கனத்தால், குமட்டினால், எல்லோரும் உடனே வெளியே வந்து டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரி, எலிக்கு வருவோம். நீங்கள் படித்தது புரளி இல்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளைத் தினமும் 4 மணி நேரம் வீதம் 30 நாள் 100 டெசிபல் சத்தத்தில் வைத்துப் பார்த்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் அமைப்பு மாறியிருந்தது. புதிர்ப்பாதையிலும் அந்த எலிகள் கூடுதலாகத் தவறின.

சத்தம் தொடர்ந்தால் மூளை அட்ரீனல் சுரப்பியை உசுப்புகிறது. எலிக்குக் கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. நமக்கு அது கார்ட்டிசால். சத்தமே இல்லாமல் அந்த ஹார்மோனை மட்டும் 21 நாள் கொடுத்த எலிகளிடமும் ஹிப்போகாம்பஸில் மாற்றம் வந்ததாக 1990லேயே காட்டிவிட்டார்கள். மூளைத் துண்டை வெள்ளி உப்பில் ஊறவைத்து, மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நரம்பணு கறுப்பாக, கிளை விட்ட மரம் மாதிரி தெரியும். அணு செத்திருக்காது. கிளைகள்தான் கவாத்து பண்ணியதுபோல் குட்டையாகியிருக்கும். இதை ‘மூளை சுருங்கியது’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எலிகளை அடைத்து வைத்து நெருக்கடி கொடுத்த சோதனைகளில், நெருக்கடி நின்று மூன்று வாரத்தில் இந்தக் கிளைகள் திரும்ப வளர்ந்தன. ஆனால் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் நேர்மாறு: அங்கே கிளைகள் கூடின, கூடியது அதே மூன்று வாரத்தில் குறையவும் இல்லை.

உங்கள் மகன் கூண்டில் இல்லை. 100 டெசிபல் என்பது காதருகே கத்தினால்தான் பேச்சு புரியும் அளவுக்குச் சத்தம். மாடி ஜன்னலுக்கு வருவதற்குள் பெரும்பாலும் நன்றாகக் குறைந்துவிடும். 10 டெசிபல் குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. போனில் டெசிபல் ஆப் போட்டுத் தோராயமாக அளந்து பாருங்கள். ஞாபகமறதிக்கு, கெட்டுப்போன தூக்கமே போதுமான காரணம். கார்ட்டிசால் காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும், ஊசிக்குப் பயந்தாலும் ஏறும். ஒரு தடவை ரத்தம் எடுத்து இதில் எதுவும் தெரியாது, காசுதான் போகும்.

கடைக்காரரிடம் பேசுங்கள். புகைக்குழாய் ஜன்னல்களுக்கு எட்டாத பக்கம் திரும்பட்டும், அடியில் கனத்த ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும். ராத்திரி எத்தனை மணிக்கு நிறுத்துவார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தம் அவ்வளவாக வாட்டாது. படிக்கும் நேரத்துக்கு நுரை இயர்பிளக் வாங்கிக் கொடுங்கள், பஞ்சு பிரயோஜனப்படாது. ஜெனரேட்டரைத் தகரம் போட்டு மூடச் சொல்லிவிடாதீர்கள். மிஷின் சூடேறும், புகையும் உள்ளேயே தேங்கும்.